மாடி வீட்டு சிங்க்

"உன் பொண்டாட்டி சிங்க்ல எதைக் கொட்டறான்னு கேளுடா. வாடை படியிறங்கி என் கூடத்துக்கே வந்துடுச்சு!"

"இது உங்க அம்மா வீட்டு வாடைங்க. குழாய் வழியா மேல ஏறி வருதுன்னு சொல்லுங்க!"

கீழ் வீட்டிலிருந்து கத்தியது அம்மா. மாடியிலிருந்து பதில் கொடுத்தது மனைவி. நடுப்படியில் நின்று முழித்தவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாடிக்கையாளர் எந்த மெத்தையில் உட்கார்ந்தாலும், "கடையிலேயே இதுதான் சார் முதல் தரம்" என்பவன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு சண்டை. சிங்க் சல்லடையில் சோற்றுப் பருக்கையை விட்டது யார் என்று ஆரம்பித்து, பரம்பரை வரைக்கும் போய், மருமகள் தனி அடுப்போடு மாடிக்குக் குடியேறியதில் முடிந்தது.

அன்றிலிருந்து இவனுக்கு வேளைக்கு இரண்டு சாப்பாடு. யார் மனசும் கோணக் கூடாதே! கீழே அரை வயிறு, மேலே அரை வயிறு.

கீழே சாப்பிடும்போது, "உன் கைப்பக்குவம் யாருக்கும்மா வரும்? அவ வறுக்கற உருளைக்கிழங்கை வாயில வைக்க முடியல" என்பான்.

பத்தே நிமிடத்தில் மாடியில், "அம்மாவுக்கு நாக்கு செத்துப் போச்சு. உப்புமில்ல, உறைப்புமில்ல. நீ செஞ்சாதான் அது வறுவல்" என்பான்.

இப்படித் தேன் தடவியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்த நாற்றம் வந்து சேர்ந்தது.

"நாளைக்குள்ள இது நிக்கலேன்னா அவளை வேற வீடு பாத்துக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"தாராளமா. இன்னிக்கே பாருங்க" என்றாள் மனைவி.

அவன் உடனே ப்ளம்பருக்குப் போன் போட்டான்.

"ப்ளம்பர் எதுக்குங்க? ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து வெச்சா போயிடும்" என்று மனைவி தடுத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

ப்ளம்பர் வந்ததும் வாசலிலேயே மடக்கினான். "அண்ணே, உள்ள எது இருந்தாலும் குழாய் மேலயே பழியைப் போட்டுடுங்க. எண்ணெய், எலும்புன்னு வாயைத் திறந்துடாதீங்க. குடும்பம் ரெண்டாயிடும்."

"குழாய்ல என்ன இருக்கோ அதைத்தான் சார் நான் சொல்வேன்" என்றார் அவர்.

மாடிக்குப் போய், சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்து வளைவுக் குழாயைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். எண்ணெய் இல்லை, எலும்பு இல்லை. கொஞ்சம் தூசியும் செத்த கரப்பான் ஒன்றும் விழுந்தன.

"அடைப்பே இல்ல சார். இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அதுதான் சாக்கடை வாடைக்கு மூடி. அது வத்திட்டா வாடை நேரா உள்ள வந்துடும்."

"ஏன் வத்துச்சு?"

"புழங்கலேன்னா வத்தும். பூட்டிக் கிடக்கற வீடுகள்ல பாத்திருக்கேன்."

"பூட்டிக் கிடக்கற வீடா? மூணு வேளையும் இங்க சமையல் நடக்குதுண்ணே!"

"இந்த சிங்க்ல ஒரு ஸ்பூன் கழுவியே பல வாரம் இருக்கும் சார்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மும்முரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் ரெண்டு மாசமா இங்க சாப்பிட்டது?"

அவளால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அத்தை! மேல வாங்க. குட்டு உடைஞ்சு போச்சு!"

அம்மா வந்தாள். கையில் மாடிக்கான மத்தியானச் சாப்பாட்டு கேரியர்.

"சண்டை போட்ட மூணாம் நாளே ராசியாயிட்டோம்டா. பாவம், இவ வேலைக்கும் ஓடிக்கிட்டு தனியா வேற சமைக்கணுமான்னு நானே செஞ்சு அனுப்பிடறேன். கழுவற பாத்திரமும் கீழ வந்துடும்."

"அப்புறம் எதுக்கு இத்தனை நாள் கத்தல்? வேற வீடு, அது இதுன்னு?"

மனைவி சொன்னாள். "ராசியான அன்னிக்கு, சாப்பிட்டுட்டு நீங்க மேல சொன்னதை அத்தைகிட்ட சொன்னேன். கீழ சொன்னதை அவங்க சொன்னாங்க. சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துடுச்சு. அதுக்கப்புறம் பொய்ச் சண்டையை நிறுத்த மனசே வரலைங்க."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ப்ளம்பரைப் பார்த்தான். அவர் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தார்.

அம்மா கேரியரைத் திறந்து ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"இருங்க தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்க. எல்லாம் ஒரே சட்டியில வறுத்ததுதான். அதுல பாதி பிரமாதமாம், பாதி வாயில வைக்க முடியலையாம். நீங்களாவது நிஜத்தைச் சொல்லுங்க!"