சுவர் வழியே வந்த இணையம்

வீட்டிலிருந்த மின்சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாகிவிட்டது. குற்றவாளி எதிர்வீட்டுக் கிழவி போடில்தான் என்று அஸ்கர் முடிவுகட்டினான்.

ஃபிரிட்ஜ் இல்லை. ஹேர் டிரையர் இல்லை. மனைவி சிக்னே படுக்கையருகே வைத்திருக்கும் மட்டமான விளக்கின் மேல்தான் அவனுக்கு முதல் சந்தேகம். அதுவும் இல்லை.

கோபன்ஹேகனின் பழைய செங்கல் கட்டடம், அதிலும் பின்கட்டு. செல்போன் சிக்னல் எட்டாது. மோடத்துக்கும் அவன் மேஜைக்கும் நடுவே புகைபோக்கிச் சுவர் மலைபோல நிற்கிறது. வைஃபை அதில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். அதனால்தான் மின்கம்பி வழியே இணையத்தை அனுப்பும் பெட்டிகள் இரண்டை வாங்கினான். ஒன்று மோடத்தருகே, ஒன்று மேஜையருகே.

சுவரில் சொருகினால் போதும் என்றான் கடைக்காரன். கடைக்காரன் வேறென்ன சொல்வான்.

சொருகினான். மேஜையருகே பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் இணையம் நினைத்தபோது வந்தது, நினைத்தபோது போனது.

நினைத்தபோது அல்ல என்பதைக் கண்டுபிடித்ததில் அவனுக்குக் கர்வம் உண்டு. போடில் கதவைச் சாத்திக்கொண்டு கடலுக்குக் கிளம்பினால் இணையம் சாகும். ஈரத் தலையோடு திரும்பி வந்தால் உயிர் பெறும்.

எழுபதைத் தாண்டியவள். ஊரே விறைத்துக் கிடக்கும் குளிரில் குளியல் அங்கியோடு சைக்கிள் மிதித்துப் போய்க் கடலில் முங்கி எழுந்து வருவாள். வந்தபின் படிக்கட்டெல்லாம் செருப்புத் தடம். கிளம்பும்போது ஏதோ ஓட்டை ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போகிறாள், அது மின்கம்பியில் குப்பையைக் கொட்டி இணையத்தை அடைக்கிறது. இவளுக்கெல்லாம் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

மற்ற நாளென்றால் பொறுத்திருப்பான். இன்று குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கூடத்தின் கூரை ஒழுகுவதால் இந்த முறை எல்லோரும் அவரவர் கணினி முன்னால்.

நான்காம் தீர்மானம் அவனுடையது. மாடிப்படி முனையில் ஒரு சின்ன அறை இருக்கிறது. போடில் அங்கே காலங்காலமாகத் தன் ஈரத்துண்டுகளைக் காயப்போடுகிறாள். அதை அவன் வீட்டோடு சேர்க்க வேண்டும், பிறக்கப்போகும் குழந்தைக்காக. முன்மொழிந்தவரே பேச வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பேசாவிட்டால் அடுத்த வருடம்தான்.

இரண்டாம் தீர்மானம் ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அஸ்கர் பாய்ந்து வெளியே வந்தான். போடில் அங்கியும் தோளில் துண்டுமாக வாசலில் நின்றாள்.

"போடில், வெளிய போறப்ப எதையோ போட்டுட்டுப் போறீங்க. என் நெட் செத்துப்போகுது."

"நானா? நான் எல்லாத்தையும் அணைச்சுட்டுல்ல போவேன். சுவத்துல சுவிட்ச் எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் மரியாதை இல்லை. அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். கதவோரச் சுவரில், அவனுடையதைப் போலவே ஒரு வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு.

"இதோ! இதுதான் என்னோடதைக் கெடுக்குது. பிடுங்குங்க."

"இதையா? யோசிச்சுத்தான் சொல்றியா?"

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. பிடுங்குங்கன்னா பிடுங்குங்க."

போடில் குனிந்து பிடுங்கினாள்.

"அஸ்கர்!" சிக்னேயின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. "எல்லாம் போச்சு! மூணாவது ஆரம்பிச்சுட்டாங்க!"

அவன் உள்ளே ஓடினான். மேஜையருகே பச்சை விளக்கு இல்லை. முன்னறைக்கு ஓடி, மோடத்தை மறைத்துத் தொங்கிய கோட்டுகளை விலக்கினான். இந்தக் குளிர்காலம் முழுக்க ஒருமுறைகூட விலக்கிப் பார்க்காத கோட்டுகள்.

அங்கிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு. அதன்மேல் தூசி.

திரும்பி வந்தபோது போடில் அதே இடத்தில், கையில் பெட்டியோடு நின்றிருந்தாள்.

"உன் பெட்டி நவம்பர்லேருந்து சுவத்துக்குள்ள கைய நீட்டி என் பெட்டியைத்தான் பிடிச்சுட்டிருக்கு. நீ ஓட்டுறது என் நெட்டு. உன் கம்ப்யூட்டர் பேரு என் போன்ல வரும். வீட்ல ஒருத்தி மாசமா இருக்கா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அஸ்கரின் காது மடல்கள் சுட்டன. அது வெட்கமா என்று பார்க்க நேரமில்லை.

"ஒரு பத்து நிமிஷம்... மறுபடி சொருக முடியுமா?"

"நாலாவது தீர்மானம்தானே? தாள் எனக்கும் வந்துச்சு."

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"துண்டு காயப்போடுற ரூமுக்கு உன்னோட மல்லுக்கட்டவா சொல்றே?" என்றாள் போடில். "இருட்டறதுக்குள்ள முங்கிட்டு வரணும். நீ போய்ப் பேசு."

பெட்டியைச் சொருகினாள். பழக்கதோஷத்தில் விரல் சுவிட்சுக்குப் போனது. அதைத் தொடாமல் விரலை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.

மேஜையருகே பச்சை விளக்கு எரிந்தது. திரையில் சங்கத் தலைவரின் முகம் அசைந்தது.

"அஸ்கர், இப்பத் தெளிவாத் தெரியுறீங்க. நாலாவது உங்களோடது, பேசுங்க."

கீழே முற்றத்தில் சைக்கிளின் பூட்டு திறக்கும் சத்தம், பிறகு வெளிக்கதவு மூடும் சத்தம். விளக்கு அணையவில்லை.

அஸ்கர் தொண்டையைச் செருமிக்கொண்டான். "யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும் அந்த அறையை" என்று தொடங்கி, ஒரு வரி விடாமல் வாசித்தான்.