வேலிச் சந்து

“தானும் போறான், போற போக்குல ஸ்டேஷனையும் மூடிட்டுப் போறான் பாரு, அந்த முள்ளு!”

வேலிச் சந்தில் குனிந்து பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபடி சொன்னார் தையல்காரர். பின்னாலேயே குனிந்து வந்த பால்காரர், “நல்லாவே இருக்க மாட்டான்” என்று ஒத்துப் பாடினார்.

‘முள்ளு’ என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஊர் வைத்த பெயர். சரக்குக் கொட்டகையை ஒட்டிய குறுக்கு வழியில் முள்கம்பி வேலி போட்டவர் அவர். ஊர் வெட்டியது. மறுபடி போட்டார். மறுபடி வெட்டியது. வெட்டிய குறடு தையல்காரருடையது.

டிக்கெட் கலெக்டர் மட்டும் சந்து வழியாக யார் வந்தாலும் வானத்தைப் பார்ப்பார். அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘தங்கம்’.

இன்று அந்த பிளாட்பாரத்தில் இடுப்பளவு புல். இது, அங்கே கடைசி ரயில் நின்ற அன்று நடந்தது.

“அண்ணே, அண்ணியை எங்கே காணோம்?” என்றார் பால்காரர்.

“மகாராணிக்குச் சந்துல குனிய முடியாதாம். எப்பவும் வாசல் வழியாச் சுத்தித்தான் வருவா.”

மனைவி மெல்ல நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ரத்தம் சுத்தம் செய்ய டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு இந்த ரயில்தான். பஸ் குலுக்கல் ஆகாது. கார் வைத்துப் போக வசதி இல்லை.

“அடுத்த தடவைக்கு எப்படிங்க போறது?”

தையல்காரருக்குக் கோபம்தான் வந்தது. நேரே மாஸ்டர் அறைக்குப் போனார்.

“உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா சார்? மேலே என்ன எழுதி அனுப்பினீங்க?”

மாஸ்டர் சிவப்புக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “மூடாதீங்கன்னுதான் எழுதினேன். அங்கே யாரு ரயில் ஏறறாங்கன்னு திருப்பிக் கேட்டாங்க.”

“வண்டி நிறைய நாங்கதானே ஏறறோம்!”

“வண்டியில இருக்கீங்க. கவுன்டர்ல இல்லையே.”

தையல்காரர் குரல் இறங்கியது. “ஒரு டிக்கெட் கூடவா விக்கல?”

“ஒரே ஒரு ஆள் வாங்கினாங்க. ஒரு தடவை கூடத் தவறினதில்ல. அந்த ஒருத்தருக்காக ரயிலை நிறுத்த முடியாதுன்னுட்டாங்க.”

வாசலில் நின்ற பால்காரர் சிரித்துவிட்டார். “நம்ம ஊர்ல அப்படி ஒரு ஏமாளியா? யாரு சார் அது?”

மாஸ்டர் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரயில் வந்து நின்றது. தங்கம் வழக்கம்போல வானத்தைப் பார்த்தார்.

மனைவியை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏற, அவள் கையைப் பிடித்தார் தையல்காரர். மூடிய கைக்குள் ஏதோ உறுத்தியது. விரலைப் பிரித்துப் பார்த்தார்.

ஒரு டிக்கெட். வியர்வையில் நனைந்திருந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் சேர்த்து வாங்கினாத் திட்டுவீங்கன்னுதான், எப்பவும் எனக்கு மட்டும் வாங்கினேன்.”