எட்டு எண்ணும் வரை

"மைக்ல பேர் சொல்லியெல்லாம் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா வரமாட்டான்."

மைக்கை எடுக்கப் போன லமான்ட்டின் கை பாதியில் நின்றது. அவன் பாட்டுப் போடும் டி.ஜே. மேடைக்கு மூச்சிரைக்க ஏறி வந்திருந்த அந்தப் பெண்ணின் பெயர் யொலாண்டா. அவளுடைய ஆறு வயது மகன் மைக்காவைப் பத்து நிமிடமாகக் காணவில்லை. பிள்ளைக்குச் சக்கர ஷூவை மாட்டிவிட்டு, தன் ஷூவுக்கு நாடா கட்டக் குனிந்தாளாம். நிமிர்ந்தால் ஆளைக் காணோம். மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறான் என்றாள். சொல்லும்போது அவளுடைய இரண்டு கைகளும் காற்றில் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தன. பயத்தில் நடுங்குகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டான் லமான்ட்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் டெட்ராய்ட்டில் பாதிப் பேர் இந்த ஸ்கேட்டிங் அரங்கில்தான் கிடப்பார்கள். கீழே மங்கிய வண்ண விளக்கில் நானூறு பேர் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பொடியனை எங்கே என்று தேடுவது? போதாக்குறைக்குப் பின்வாசல் தாழ்ப்பாள் ஒரு வாரமாக உடைந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் பனி மூடிய கார் நிறுத்தம், அதற்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் பாதை.

சற்று முன்னால்தான், கறுப்புத் தொப்பி போட்ட ஒருவன் ஒரு குழந்தையைக் கையைப் பிடித்துப் பின்வாசல் பக்கம் கூட்டிப் போனதை லமான்ட் பார்த்திருந்தான். அதை இவளிடம் சொன்னால் இங்கேயே விழுந்துவிடுவாள்.

"யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா அக்கா?"

"யார் கூட்டிட்டுப் போனாலும் அவன் கத்தமாட்டான் தம்பி. அதான் எனக்குப் பயமே."

மேலே ஏதோ சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அரங்கின் மேலாளர் பர்னெல், வலிக்கிற முழங்காலைப் பிடித்தபடி மேடை ஏறி வந்துவிட்டார். பாட்டை நிறுத்தி எல்லா விளக்கையும் போடலாம் என்றான் லமான்ட். கிழவர் ஒரேயடியாக மறுத்தார். போன குளிர்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஏதோ அடிதடி என்று நினைத்து மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பாய்ந்து, ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டேன், பின்வாசலுக்கு நானே போகிறேன் என்று நொண்டிக்கொண்டே இறங்கினார். அந்தக் கூட்டத்தைச் சுற்றி அவர் போய்ச் சேருவதற்குள் சரக்கு ரயிலே வந்து போய்விடும்.

யொலாண்டா அவன் சட்டையைப் பிடித்தாள். "உங்க பாட்டு ஒண்ணு இருக்கே, எல்லாரும் சிலையா நிப்பாங்களே... அதைப் போடுங்க. உடனே போடுங்க."

அது லமான்ட் தானே செய்த பாட்டு. ஒரு பழைய இசைத்தட்டில் யாரோ ஒரு பாட்டுக்காரி மூச்சிழுத்து, "கொஞ்சம் நில்லுடா கண்ணு" என்பாள். அந்த ஒரு வரியை வெட்டி எடுத்து, அதன் மேல் டிரம்ஸை ஏற்றி, வரி முடிந்ததும் எட்டு எண்ணும் வரை சத்தமே இல்லாமல் விட்டிருந்தான். வானொலிக்காரர்கள் பாட்டைக் கையாலும் தொடவில்லை. நடுவில் நிலையம் செத்துவிட்டது என்று ஜனங்கள் நினைப்பார்களாம். ஆனால் நடனக் கூடங்களில் பற்றிக்கொண்டது. அந்த எட்டு எண்ணிக்கைக்கும் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும், அசைந்தவன், தன்னோடு வந்தவர்களுக்கெல்லாம் சோடா வாங்கித் தர வேண்டும் என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

லமான்ட்டுக்குப் பொறி தட்டியது. பிள்ளையைக் கடத்துகிறவன் பாட்டுக்கு நின்று வேடிக்கை காட்டுவானா? எல்லோரும் நிற்கும்போது அவன் மட்டும் நகருவான். கெட்டிக்காரிதான் இவள்.

தட்டை மாற்றினான். முதல் அடியிலேயே கூட்டம் ஆரவாரம் செய்தது. டிரம்ஸ் ஏறி ஏறி வந்து, கடைசியில் அந்தக் குரல் வந்தது: கொஞ்சம் நில்லுடா கண்ணு.

நானூறு பேரும் நின்றார்கள்.

ஒன்று. இரண்டு. பின்வாசல் பக்கம் கறுப்புத் தொப்பிக்காரனைக் கண்கள் பிடித்துவிட்டன. அவனும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான். அவன் கையைப் பிடித்திருந்தது இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி.

மூன்று. நான்கு. ஒருத்தனும் அசையவில்லை. அப்படியானால் பிள்ளை இங்கே இல்லை. வெளியே போயாகிவிட்டது.

ஐந்து.

"அதோ," என்றாள் யொலாண்டா.

கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். தரையில் ஓடும் வண்ணப் பொட்டுகளைத் துரத்திக்கொண்டு, சிலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்வாசலைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது. நில்லுடா நில்லுடா என்று நாலைந்து பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு பாதி திறந்து, பனிக்காற்று உள்ளே வந்த நேரத்தில், பர்னெலின் பெரிய கை அந்த ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்தது. எட்டு முடிந்து டிரம்ஸ் இடித்தது.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் மேடைக்குத் திரும்பி வந்தபோது லமான்ட் நிம்மதியாகச் சிரித்தான். "இந்த ஊர்ல என் பாட்டுக்கு நிக்காத ஆளே கிடையாது அக்கா. உங்க பையன் எல்லாருக்கும் சோடா வாங்கித் தரணும்."

"அவன் எந்தப் பாட்டுக்கும் நிக்கமாட்டான் தம்பி, பிறந்ததுலேருந்தே காது கேக்காது," என்றபடி யொலாண்டா அவனைக் கீழே இறக்கிவிட்டாள். அவளுடைய கைகள் மறுபடியும் காற்றில் ஆட, பையனின் சின்ன விரல்கள் பதில் சொல்லின.