நிறுத்தாதீங்க அக்கா

அந்த ஐ.சி.யூ.வில் கருவிகள் எல்லாம் பார்க்க வந்தவர்களோடு அவரவர் ஊர்ப் பேச்சில்தான் பேசும். தூத்துக்குடி பிலோமினாவுக்கு அது பெரிய ஆறுதல். "நான் வென்டிலேட்டர்க்கா. அண்ணாச்சி இழுக்கிற மூச்சு பத்தலல்லா, மிச்சத்த நான் தள்ளுதேன்" என்று புருஷன் சவரிமுத்துவின் தலைமாட்டிலிருந்து அது சொன்னதும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது.

நோயாளியிடம் அன்பாகப் பேச வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இல்லாத குழைவோடு அவர் கையைப் பிடித்தாள். "என்னங்க, கண்ணத் திறந்து பாருங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மானிட்டர் தயங்கியது. "கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க பேசப் பேச அண்ணாச்சிக்கு நாடி தறிகெட்டு ஓடுது."

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. "இத்தன வருஷம் ஆக்கிப் போட்டதுக்கு இதுதான் மரியாதையா? பிரஷர் மாத்திரையப் போடும் போடும்னு தலபாடா அடிச்சேனே, கேட்டீரா? இப்ப குழாயக் கடிச்சிட்டுக் கிடக்கீரு!"

"நாடி சீராயிட்டு" என்றது மானிட்டர்.

"மூச்சும் அவரே நல்லா இழுக்காரு. நிறுத்தாதீங்க அக்கா" என்றது வென்டிலேட்டர்.

அவளா நிறுத்துவாள்? அணைக்காமல் விட்ட தண்ணி மோட்டாரில் தொடங்கி நாத்தனார் கல்யாணம்வரை இழுத்துவைத்துத் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் குழாயை எடுத்ததும் சவரிமுத்து கரகரத்த குரலில் முதலில் அவளைத்தான் தேடினார்.

"ஏட்டி, நீ கொஞ்சிப் பேசுனதும் பதறிட்டேன். டாக்டர் கைய விரிச்சிட்டாரு போலன்னு நெனச்சேன்."