நூறு யார்டு மீசை

ஓட்டம் தொடங்கும் கோட்டில் குனிந்து நின்ற கன்னையா, பக்கத்தில் நின்ற நாலு ஜோடிக் கால்களைப் பார்த்தார். எல்லாம் பந்திங் காட்டில் மரம் இழுக்கும் ஆட்களின் முறுக்கேறிய கால்கள். தம்முடைய காலைப் பார்க்கத் தொந்தி விடவில்லை.

கிள்ளான் திடலில் மரக்கம்பெனியின் விளையாட்டு விழா. நூறு யார்டு ஓட்டத்தில் தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாகக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி கன்னையா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அது போனால் தம் முகத்தில் பார்க்க வேறொன்றும் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

"மீசை இல்லாம வந்தா யாரோன்னு நெனச்சுக் கதவத் தொறக்க மாட்டேன்," என்று மனைவி தனலெட்சுமி வேறு சொல்லியிருந்தாள்.

எல்லாம் பக்கத்துக் கோட்டில் நின்ற இந்த வேலாயுதத்தால் வந்த வினை. போன மாதம் காட்டுக்குப் போன கன்னையா, மரம் இழுக்கும் நீராவி யந்திரத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்றார். அந்த யந்திரத்துக்குக் கம்பெனித் துரை சொல்லும் பெயர் யார்டர்; நூறு யார்டு ஓட்டத்தையும் அவர் யார்டர் என்றே சொல்வார். விசில் கேட்டதும் வேலாயுதம் பாய்ந்து வந்து கிராணியைப் பக்கத்துச் சேற்றில் தள்ளிவிட்டான்.

அவர் நின்ற இடத்தை ஒரு பெரிய மரம் உழுதுகொண்டு போனது. கன்னையாவுக்கு அது பெரிதாகப் படவில்லை, சட்டைதான் பெரிதாகப் பட்டது. அந்த ரோஷத்தில், "ஓட்டத்துல என்னை ஜெயிச்சுடுவியா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"இப்பவே விலகிக்குங்க லா, கிராணி ஐயா. மீசையாச்சும் மிஞ்சும்," என்றான் வேலாயுதம்.

"நீ மூச்சப் பிடிச்சுக்க," என்றார் கன்னையா, தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

துரையின் துப்பாக்கி வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார், 'டிக்' என்றது. அலுத்துப்போய், காட்டு ஆள் ஒருவனின் இடுப்பிலிருந்த விசிலை வாங்கி நீளமாக ஊதினார்.

கன்னையா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடினார். கடைசியாக அவர் ஓடியது பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாய்க்குப் பயந்து. பாதியில் நாயே பரிதாபப்பட்டு நின்றுவிட்டது. கூட்டம் ஓவென்று கத்த, தொந்தி முன்னே போக, அவர் பின்னே போனார். முடிவுக் கோட்டு நாடாவும் தொந்தியில்தான் முதலில் பட்டது.

திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

"பாத்தியாடி! காட்டுல அந்த யார்டர், கிள்ளான்ல நான்!" என்று தனலெட்சுமியைப் பார்த்துக் கத்தி, மீசையை முறுக்கினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவருக்கும் கண் கலங்கியது.

வேலாயுதம் நிதானமாக நடந்து வந்தான். மூச்சு வாங்கவில்லை. சட்டையெல்லாம் புல்லும் மண்ணுமாக இருந்தது.

"எங்கப்பா போனீங்க நாலு பேரும்?" என்றார் கன்னையா, இரக்கத்தோடு.

"விசிலக் கேட்டதும் மரம் வருதுன்னு ஆளுக்கொரு பக்கம் பாய்ஞ்சுட்டோம், ஐயா."

கன்னையாவின் கை மீசையிலேயே நின்றது.

"வாங்க ஐயா, மறுபடி ஓடணுமாம், இந்தத் தடவ விசில் இல்ல, கொடியாம்!"