கேப்டன் ஏன் கதவை மூடினாள்?

விண்வெளிப் படத் தொடரின் மூன்றாம் பாகத்தில், கப்பல் கேப்டன் தன் கணவனை வேற்றுக்கிரகத்தில் விட்டுவிட்டுக் கதவை மூடுகிறாள். "போயிட்டு வரேன்" என்பது மட்டும்தான் வசனம். முதல் பாகத்திலிருந்து அவளுக்கு டப்பிங் பேசிவரும் செண்பகவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவன்மேல உசிரையே வச்சிருந்தாளே தம்பி, ஏன் விட்டுட்டுப் போறா?"

"எனக்கும் தெரியலக்கா. அடுத்த பாகத்துலதான் யோசிக்கணும்" என்றான் இயக்குநர்.

கோபமாகச் சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒன்றும் யோசிக்காமல் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது எப்படிக்கா வந்துச்சு?"

தினமும் வேலைக்குப் புறப்படும்போது கணவரிடம் சொல்கிற குரல்தான் அது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. வெளியே வந்ததும் அவரே போனில் அழைத்தார்.

"கிளம்பிட்டியா?"

"ஆமா" என்று சொன்ன பிறகு, எங்கே என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.