இடம் பிடித்த கைக்குட்டை

பல்கலைக்கழகப் படிப்புக்கூடத்தில் ஜன்னலோரமாக, ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி இருந்தது. காலையில் பாரிவேள் என்ற மாணவன் தன் கைக்குட்டையை அதன்மேல் விரித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. மறுநாள் பரீட்சை எழுதவேண்டிய ஒரு பெண் வந்தாள். கைக்குட்டையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்தாள்.

"பாவம், அந்தப் பொண்ணை இங்க உட்காரச் சொல்லேன்," என்றது நாற்காலி.

"அதெப்படி? ஆள் வருது," என்றது கைக்குட்டை.

மதியம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னுமா வந்துக்கிட்டிருக்கு?" என்று கேட்டது நாற்காலி.

"வராம எங்க போவாரு? என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போயிருக்காரு," என்ற கைக்குட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் அவள் எழுந்து போன பிறகு பாரிவேள் வந்தான். உட்காரவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தபடியே போனில் பேசினான்: "ஆமாம்மா, காலையிலேருந்து படிப்புக்கூடத்துலதான் இருந்தேன்."

"கேட்டியா?" என்றது கைக்குட்டை, அவன் சட்டைப்பைக்குள் போய்க்கொண்டே. "என்னைத்தான் சொல்றாரு."